அளவு மாஸ்டர் தைத்த முட்டைக் கூடை

சென்னையில் அளவெடுக்காமல் எதையும் செய்யாத மனிதர் ஒரே ஒருவர்தான். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் கடையில் அவர் ஜாக்கெட் தைக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அளவு மாஸ்டர்.

மற்ற டெய்லர்களிடம் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் போதும், அதை வைத்துப் புதியதைத் தைத்துவிடுவார்கள். மாஸ்டரிடம் அப்படிக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். "இது போன வருஷத்து உனுக்குத் தைச்சது. இப்ப வந்து நிக்கிற உனுக்கு யாரு தைப்பா?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒரு முறை தலையணை உறை தைக்கத் துணி எடுத்துக்கொண்டு போனேன்.

"தலை யாருது?" என்றார்.

"என்னுதுதான் மாஸ்டர்."

"கொண்டாந்துக்கீறியா?"

கொண்டு போயிருந்தேன். நான்கு பெண்கள் காத்திருந்த இடத்தில் என் தலையைச் சுற்றி டேப்பைப் போட்டு, "இருவத்துமூணே முக்கால்" என்று உரக்கச் சொன்னார். எழுதிக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. சொன்னவரே போய் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். அதற்குப் பிறகு ஒரு வாரம், மார்க்கெட்டில் என்னைப் பார்த்த பெண்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கொஞ்சம் மேலே பார்த்தார்கள்.

அவரிடம் இன்னொரு குணமும் உண்டு. தப்பை ஒப்புக்கொள்ள மாட்டார். அபிராமபுரத்து அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டுக்குள் கை நுழையவில்லை என்று அழாத குறையாக வந்து நின்றார். மாஸ்டர் நோட்டைப் புரட்டினார், அந்த அம்மாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அளவு கரீட்டா கீது. அன்னிக்கு நீ மூச்சு புடிச்சிக்கினு நின்ன. அத்த நீ சொல்லல" என்றார். கடைசியில் அந்த அம்மாதான் மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஈஸ்டர் கூடைக்காகப் போய் நிற்கும்படி ஆனதற்கு என் மகள் ஜெனியின் வலது கை காரணம்.

ஜெனி இரண்டாம் வகுப்பு. ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூங்காவில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து, முழங்கை வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். எங்கள் சர்ச்சில் ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் வளாகத்தில் முட்டைகளை ஒளித்து வைப்பார்கள். பிள்ளைகள் தேடி எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வயதிலிருந்து ஜெனி ஒரு வருஷம்கூட அதை விட்டதில்லை. இந்த முறை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு டீச்சர் வாட்ஸப்பில் ஓர் உத்தரவு போட்டிருந்தார். பிளாஸ்டிக் வாளி கூடாது, கடைக் கூடையும் கூடாது, வீட்டில் செய்த துணிக் கூடை மட்டும்தான்.

ஜெனியின் கவலை வேறு. "ஒரு கையால கூடையைப் பிடிச்சா, எந்தக் கையால முட்டையை எடுக்கிறது?" என்றாள்.

"அப்பா கூடவே வந்து கூடையைப் பிடிச்சுக்கறேன்."

"அப்பாவோட வந்தா பேபின்னு சொல்வாங்க."

"இந்த வருஷம் உக்காந்து பாரு. அடுத்த வருஷம் போலாம்" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஜெனி தட்டில் இருந்த தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். என் மகள் தோசையை வைத்துவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை.

அன்று மதியம் நானே ஊசியை எடுத்தேன். இரண்டு மணி நேரம் உழைத்து, பழைய மஞ்சள் திரைச்சீலை ஒன்றை நான் கட்டியிருந்த லுங்கியோடு சேர்த்து உறுதியாகத் தைத்து முடித்தேன். ஸ்டெல்லா கத்தரிக்கோல் கொண்டுவந்து என்னை விடுவித்தாள். "மாஸ்டர் கிட்ட போங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லவள்.

மாஸ்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "வூட்ல செய்யணும்னு சொல்லிக்கீறாங்களா? அப்ப இங்க தைச்சா அது கடைக் கூடை. அது தப்பு" என்றார். அவர் எழுந்து மிஷினைக் கழற்ற ஆரம்பித்தார். "ஆட்டோ புடி சார். உன் வூட்ல வச்சு தைக்கலாம்."

எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் சாப்பாட்டு மேஜையை அளந்தார். அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பிறகு ஜெனியை நிற்க வைத்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு இடத்தில் டேப் வைத்திருக்க மாட்டார். தரையில் ஒரு கிலோ வெங்காயத்தைப் பரப்பி, ஒவ்வொன்றாக இடது கையால் எடுக்கச் சொன்னார். எவ்வளவு குனிகிறாள், எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"கூடைய தோள்ல மாட்டி உட்றலாம். கை ஃப்ரீ. ஆனா பாப்பா குனிஞ்சா உள்ள கீறது அல்லாம் கொட்டிப்பூடும்" என்றார் ஸ்டெல்லாவிடம். "முட்டைக்கு முட்டை தனித்தனியா பாக்கெட் வைக்கணும். முட்டை இன்னா சைஸு?"

"கோழி முட்டைதான் மாஸ்டர். அவிச்சு சாயம் போட்டு வைப்பாங்க, வருஷா வருஷம்" என்றாள் ஸ்டெல்லா.

என்னைக் கடைக்கு அனுப்பி ஒரு டஜன் முட்டை வாங்கி வரச் சொன்னார். பன்னிரண்டையும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தார். ஒரு முட்டை மட்டும் பிடிக்காமல், அது வாத்து முட்டையாக இருக்கலாம் என்று மாற்றி வரச் சொன்னார். மாற்றி வந்தேன்.

திரைச்சீலைத் துணிக்கு உள்ளே கேன்வாஸ் கொடுத்து, லைனிங் போட்டு, சனிக்கிழமை மாலைக்குள் கூடையை முடித்துவிட்டார். பன்னிரண்டு பாக்கெட். இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்பக்கம் மட்டும் காரணமே இல்லாமல் ஒரு வரிசை ஜாக்கெட் ஊக்கு இருந்தது. கை பழக்கம்.

மறுநாள் "ஃபிட்டிங் பாக்கணும்" என்று மாஸ்டரும் சர்ச்சுக்கு வந்துவிட்டார். பூசை முடிந்தது, விசில் அடித்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள். ஜெனி குரோட்டன்ஸ் செடிக்கு அடியிலிருந்து முதல் முட்டையை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

போன வருஷம் வெயிலில் அவித்த முட்டை நாறிவிட்டதாம். அதனால் இந்த வருஷம் தி.நகரிலிருந்து, உள்ளே சாக்லேட் வைத்த பெரிய பிளாஸ்டிக் முட்டைகளை வாங்கி வந்திருந்தார்கள். கூடையில் பிளாஸ்டிக் கூடாது என்ற அதே டீச்சர்தான் ஏற்பாடு. ஜெனி அழுத்திப் பார்த்தாள். முட்டை பாக்கெட்டுக்குள் பாதிகூடப் போகவில்லை. மற்ற பிள்ளைகள் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு பிதுங்கியது.

நான் அவளிடம் போவதற்குள் மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவர் முட்டையைத் திட்டுவார், அது மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பார் என்று நினைத்தேன். அவர் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதான் பாப்பா. இந்த வருஷத்து முட்டை இன்னான்னு நான் கேக்காம உட்டுட்டேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற பெண்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார். ஜாக்கெட் போடுகிறவர்களுக்குத் தெரியும், உள்பக்கம் ஓரத்தில் துணியை மடித்து விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போட்டிருப்பார்கள். உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். வாழ்நாள் முழுக்க ஜாக்கெட்டே தைத்த மனிதர், முட்டைக்கும் உள்ளே துணி விட்டு வைத்திருந்தார்.

டேப்பை எடுத்து அந்தப் பிளாஸ்டிக் முட்டையை அளந்தார். ஒரு வரிசையைப் பிரித்தார். முட்டை உள்ளே போய் உட்கார்ந்தது.

"எல்லாத்தையும் ஒண்ணா பிரிச்சு விட்ருங்க மாஸ்டர், நேரமாகுது" என்றேன்.

"அளவு தெரியாம பிரிக்கக் கூடாது சார். நீ ஓரமா நில்லு."

ஓரமாக நின்றேன். ஜெனி முன்னால் நடந்தாள், அவர் பிளேடும் டேப்புமாகப் பின்னால் நடந்தார். அவள் ஒரு முட்டையை எடுப்பாள், அவர் அளப்பார், முட்டி போட்டு ஒரு பாக்கெட்டைப் பிரித்துவிடுவார், அவள் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போவாள். யாரும் அவளைப் பேபி என்று சொல்லவில்லை. டெய்லர் கூடவே வரும் பெண் அங்கே அவள் ஒருத்திதான்.

மற்ற பிள்ளைகள் கூடை நிறைய அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜெனிக்குக் கிடைத்தது ஆறு. ஆறாவது, மணிக்கூண்டுப் படியின் இடுக்கில் இருந்தது. அதைத் தன் இடது கையாலேயே எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நானும் ஸ்டெல்லாவும் கையை ஆட்டினோம். அவள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை, மாஸ்டரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அவரிடம்தான் காட்டியிருப்பேன்.