முப்பத்திரண்டு கட்டத்தில் மகேந்திரன் மாமா

சிலிபின், ஈப்போ

மதிப்பிற்குரிய மகேந்திரன் மாமாவுக்கு, தங்கை மகள் பிரமிளா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சுங்காயில் அத்தையும் உங்கள் மோட்டார் சைக்கிளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாமா, பள்ளிகளுக்கான கணினி விளையாட்டுப் போட்டிக்கு என் விளையாட்டை இன்று அனுப்பிவிட்டேன். அதில் மழை வருவதற்குள் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறி, மங்குக் கிண்ணங்களில் நிறையும் பாலைச் சேர்க்க வேண்டும். பழைய காலத்து விளையாட்டுகளைப் போல எல்லாமே சதுரப் புள்ளிகள். முதலில் மனத்திலிருந்தே வரைந்தேன். வகுப்பில் ஷர்வின் பார்த்துவிட்டு, “ஏன் லா இந்த ஆளு பிராக்கோலிய குத்துறாரு?” என்றான். சுபைதா டீச்சரும், “பாக்காம போட்டா அப்படித்தான் வரும். நெசமா மரம் வெட்டுறவங்க படத்த வச்சிக்கிட்டுப் போடு” என்றார். அதனால்தான் உங்களிடம் படம் கேட்டேன், நீங்களோ விசேஷத்துக்குப் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டு, தலை வாரி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் மரத்தோடு நின்று அனுப்பினீர்கள், அதை வரைந்தால் உங்களுக்கும் மரத்துக்கும் கல்யாணம் நடப்பதுபோல் இருந்தது, மறுபடி கேட்டதும் கைப்பேசியை மோட்டார் சைக்கிளில் சாய்த்து வைத்து, முன்பக்கக் கேமராவில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினீர்களே, அதுதான் மாமா படம். உயரமும் அகலமும் முப்பத்திரண்டு கட்டம்தான், அதற்குள் மீசை நிற்காது. ஆனால் மடங்கிய முழங்கால், சாய்ந்த கழுத்து, நெற்றி விளக்கு இவற்றைப் பிடித்தால் அது நீங்கள்தான். பட்டையில் வெட்டுக்கோடு இரண்டு புள்ளி தள்ளி ஒரு புள்ளி இறங்குகிறது, அளந்தேன். அந்தப் படத்தில் நீங்கள் போட்டிருந்த வேலைச் சட்டையில் ஏதோ தெரியாத மொழியில் எழுத்து. அதற்கும் ஆறு வெள்ளைப் புள்ளி வைத்தேன். நானாக ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ‘முப்பது வருடமாகப் பால்மரம் வெட்டும் என் மாமாவைப் பார்த்து வரைந்தது, எதுவும் பிசகாது’ என்று விளக்கக் குறிப்பிலும் எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை நடுவர்கள் விளையாடிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் தோட்டத்தில் பிறந்து மரம் வெட்டியவராம். அதனால் எனக்குப் பயமே இல்லை. நீங்கள் கட்டாயம் வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கைக்கும் கத்திக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

பெருமையுடன்,
மருமகள் பிரமிளா

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்குள் அம்மா விளையாட்டைப் பார்த்துவிட்டார். “எங்கண்ணே எப்பருந்துடி எடக்கையால வெட்டுறாரு? கோடும் எதிர்ப்பக்கமால்ல எறங்குது.” உங்கள் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். சட்டையில் ‘சுங்காய் பூப்பந்துக் குழு’ என்று தெளிவாகத் தெரிந்தது. கேமரா வலத்தை இடமாக மாற்றியிருக்கிறது, மாமா. அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாதாம். ஆகவே சனிக்கிழமை நடுவர்கள் முன்னால் தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடியுங்கள். மரத்தில் கோடு மாறியதற்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.