பின்தொடை அண்ணை ஓடிய ஓட்டம்

மனித உடம்பில் பின்தொடையைத் தவிர மற்றதெல்லாம் சும்மா ஒட்டிக்கிடக்கிற சாமான்கள் என்று நம்பி வாழ்ந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். என் கெட்ட காலமோ நல்ல காலமோ, அவரோடுதான் எனக்கு அறை கிடைத்தது. தலையிடிக்குது என்று சொன்னாலும் குப்புறப் படுக்கவைத்துத் தொடையை அமுக்கிப் பார்ப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அகதிகளை வைத்திருந்த ஹைம் என்ற விடுதியில் யாழ்ப்பாணத்துப் பெடியள் ஒரு மாடி நிறைய இருந்தோம். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பேசாமல் இருப்பார். "பின்தொடை அண்ணை!" என்றால்தான் திரும்புவார்.

எல்லாம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் வந்த வினை. நூறு மீற்றர் ஓட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாராம்.

"ஓட்டம் முடியிற கயிறு கண்ணுக்கு முன்னாலை தெரிஞ்சுது தம்பி. டப்பெண்டு ஒரு சத்தம். ஆரோ கல்லாலை எறிஞ்சிட்டான் எண்டு திரும்பிப் பாத்தன். ஒருத்தனையும் காணேல்லை. என்ரை தொடைதான்!"

அதற்குப் பிறகு மனிதர் ஓடியதே இல்லை. மழை கொட்டினாலும் நனைந்து நனைந்து நடந்துதான் வருவார்.

ஆனால் ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஏலாது. மூர்த்தி என்று ஒரு பெடியன் எங்களுக்குச் சமைப்பான். அவன் ரொட்டிக்கு மா குழைத்து வைத்தால் போதும், அண்ணை அதில் ஒரு பிடியை எடுத்து இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்குவார்.

"இது பின்தொடைத் தசை. ஒரு முனை இடுப்பிலை, மற்ற முனை முழங்காலுக்குக் கீழை. ரெண்டு முதலாளிக்கு ஒரு வேலைக்காரன், பாவமெல்லோ? ஓடேக்கை கால் முன்னுக்கு வீசுது, முழங்கால் நீளுது. இவர் நீண்டு குடுக்கவும் வேணும், அதே நேரம் 'நில்லடா' எண்டு காலை இழுத்துப் பிடிக்கவும் வேணும். பாதம் நிலத்திலை படுறதுக்குச் சற்று முந்தி, அங்கைதான் ஆபத்து!"

மா இரண்டாய்ப் போகும்.

"பாத்தியளோ?"

"பாத்தம் அண்ணை. இண்டைக்கு ஒரு ரொட்டி குறையுது எண்டதையும் பாத்தம்" என்பான் மூர்த்தி.

ஒருநாள் தொலைக்காட்சியில் ஓட்டப்போட்டி. அண்ணை எழும்பி நின்று கத்தினார். "களைச்சுப்போனான்! காலை எட்டி எட்டி வைக்கிறான்! போகப்போகுது, போகப்போகுது!" சொல்லி வாய் மூடவில்லை, அந்த ஓட்டக்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நாங்கள் எல்லாரும் திரும்பி அண்ணையைப் பார்த்தோம். "கருநாக்கு!" என்றான் மூர்த்தி. எங்களுக்குப் பிடித்தவர்கள் ஓடும்போது அண்ணையைச் சமைக்கிற குசினிக்கு அனுப்புவது அன்றையிலிருந்து வழக்கமாயிற்று.

ஹைமில் அவர் போட்ட சட்டம் ஒன்று: உடம்பைச் சூடாக்காமல் பஸ்ஸுக்கு ஓடக்கூடாது. "விறைச்ச தசை, அதுவும் ஒருக்காக் கிழிஞ்ச தசையெண்டா, திரும்பக் கிழியத்தான் பாக்கும்." பனிக்காலக் காலையில் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் வரிசையாக நின்று காலை முன்னும் பின்னும் ஆட்டுவோம். முதலில் முறைத்துப் பார்த்த ஒரு ஜெர்மன் கிழவி, பிறகு சாமான் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஆட்டத் தொடங்கினாள்.

இப்படியிருக்க, என் அகதி விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. முதல் டெர்மினைக் காய்ச்சலில் தவறவிட்டிருந்தேன். இதையும் விட்டால் என் அன்ட்ராக் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் கிழிந்த சப்பாத்துத்தான் இருந்தது என்று அண்ணை தன் சப்பாத்தைக் கழற்றித் தந்தார். என் காலுக்கு அது தோணி. அவர் சொக்ஸோடு செருப்பைக் கொழுவிக்கொண்டு வழியனுப்ப வந்தார்.

வந்தவர் சும்மா வந்தாரா? வாசலில் மறித்தார். "ஆட்டு காலை!"

"அண்ணை, நேரம் போகுது!"

"மற்றக் காலையும் ஆட்டு!"

மூலையில் திரும்பினால், பஸ் புறப்பட்டுவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் கதை முடிந்தது. நான் ஓடினேன். சப்பாத்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்னைத் தாண்டி எதுவோ பறந்தது. பார்த்தால் அண்ணை! ஒரு செருப்பு வழியில் கிடக்குது, மனிதர் பனியில் பாய்ந்து போகிறார். கடவுளே, என்ன ஓட்டம் அது! பெருந்தெருவில் திரும்புவதற்காக நின்ற பஸ்ஸின் கதவில் ஓங்கி அடித்தார். அடித்த கையோடு தொடையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

சாரதி பதறிக் கதவைத் திறந்தான். "எனக்கில்லை! அவனுக்கு டெர்மின்!" என்று தன் அரைகுறை ஜெர்மனில் அவனை அதட்டினார்.

"அண்ணை, உங்கடை கால்..."

"கால் எங்கை போகப்போகுது? பஸ்தான் போகும். ஏறடா!"

பின்னேரம் நான் திரும்பி வந்தபோது கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். மூர்த்தி தொடையில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதைக் கேள். இந்தமுறையும் பாதம் நிலத்திலை படுறதுக்குச் சற்று முந்தித்தான்! நான் சொன்னது சரியெல்லோ?"

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை ஓடினனீங்கள்? எனக்குக் காலை ஆட்டச் சொல்லிப்போட்டு நீங்கள் ஆட்டேல்லையே!"

அவர் தலையை மட்டும் திருப்பி, "டெர்மின் என்ன மாதிரி?" என்றார்.

"நேரத்துக்குப் போயிட்டன் அண்ணை. எல்லாத்தையும் சொன்னன். நல்லாத்தான் கேட்டினம்."

அண்ணை தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப, இந்தமுறை கயிறு வரைக்கும் போயிட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூர்த்தியிடமிருந்து ஐஸை வாங்கி நான் வைத்தேன்.

பிறகு எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது, இங்கேயே வயதும் போய்விட்டது. இப்போதும் பஸ் புறப்படுவதைக் கண்டால் நான் ஓடமாட்டேன். நின்று காலை ஆட்டுவேன், பஸ் போய்விடும். போகட்டும். அண்ணை எனக்குப் பிடித்துத் தந்த அந்த ஒரு பஸ் போதும்.