பிள்ளையோ, வாழைக்காய்ப் பொரியலோ

ரொம்சோஸ், ஒஸ்லோ

பேர்கனில் வாழும் பேரன்புக்குரிய செல்வமலர் அக்காவுக்கு, அம்மா போனபிறகு உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்த தம்பி குலசேகரம் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தணிய நல்லூரானை வேண்டுகிறேன். இங்கு நான் நலத்துக்கும் மேலே. வென்றுவிட்டேன் அக்கா.

சூரன்போர் அன்று கோயிலில் எங்கள் உபயம் என்பது தாங்கள் அறிந்ததே. லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் உங்கள் மருமகன் அபிசன், "வர ஏலாது அப்பா, சிநேகிதரோட மலைக்குப் போறன்" என்று போனில் சொல்லிவிட்டான். பெத்து வளர்த்து எஞ்சினியர் ஆக்கினதுக்கு இதுதான் நன்றி. உபயகாரன் மகனில்லாமல் தனிய நிண்டால் கோயில் சபையிலை என்னோட முட்டுற அந்த இரத்தினவேல் சும்மா விடுவாரோ? ஒஸ்லோ முழுக்கக் கதைச்சு முடிச்சிடுவார். எனக்கு நித்திரையே இல்லை.

அப்பத்தான் நான் சமைக்கிற கன்டீன் குசினியிலை, என்னோட வேலை செய்யிற ஹொங்கொங் மனுசி மிசிஸ் லாம், தன்ரை மகளைப் போனிலை கன்டோனீஸ் பாஷையிலை கிழிச்சுக்கொண்டு நிண்டா. என்னெண்டு கேட்டன். நன்றிகெட்ட பிள்ளையளுக்குத் தங்கட ஆக்கள் சொல்லுறதாம்: "உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு பண்டியிறைச்சி வறுவலைப் பெத்திருக்கலாம்." அதையெண்டால் தின்னவாவது ஏலுமாம். அக்கா, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. ஆனால் நான் கந்தசஷ்டி விரதகாரன், பண்டியை வாயாலை சொல்லலாமோ? வாழைக்காய்ப் பொரியலெண்டு மாத்தினன். மரக்கறிக்கு அந்த உறைப்பு வராதெண்டு மிசிஸ் லாம் சண்டை பிடிச்சா. நான் விடேல்லை.

அண்டு பின்னேரமே போன் எடுத்தன். "அபிசன், உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு வாழைக்காய்ப் பொரியலைப் பெத்திருக்கலாம்." அவன் மெல்ல, "அப்பா, விரதமெண்டு ஒண்டும் சாப்பிடாமலோ இருக்கிறீங்கள்?" எண்டான். டக்கெண்டு வைச்சிட்டன்.

சூரன்போரண்டு வேட்டி சால்வையோட வந்து நிக்கிறான் பிள்ளை. எனக்குக் குடிக்கப் பழச்சாறும் கொண்டந்தான். சூரனை அவன் தூக்கி ஆட்டின ஆட்டிலை சனம் விலகி ஓடிச்சுது. இரத்தினவேலின்ரை மகன் அந்தப் பக்கமே வரேல்லை. நான் அவருக்குக் கிட்டப் போய், "எல்லாம் வளர்ப்பிலைதான் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு விபூதி நீட்டினன்.

முருகன் உங்களுக்கும் அத்தானுக்கும் நோயற்ற வாழ்வைத் தந்து காப்பானாக.

என்றும் நன்றி மறவாத தம்பி,
குலசேகரம்

பி.கு.: உங்கட எழுபதாவது பிறந்தநாளுக்கு என்னை வரச்சொல்லித் திரும்பவும் போன் எடுத்தனீங்களாம், அபிசன் சொன்னான். அண்டைக்குக் கோயில் நிர்வாகசபைத் தெரிவு அக்கா, நான் இல்லாட்டி இரத்தினவேல் தலைவராகிடுவார். அபிசன் லீவு போட்டிட்டு வாறானாம். நீங்கள் குறை நினைக்கமாட்டீங்கள், என்னை வளர்த்தனீங்களெல்லோ.