ரிவர்ஸில் பிரஷர் இல்லை

இயேசு மரி சூசை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பர்னபாஸ் மாமாவுக்கு,

தங்கள் தங்கை மகன் ரெக்சன் எழுதுவது. நடுக்கடலில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கரையில் நாங்களும் நலம். கார் மட்டும் நலமில்லாமல் இருந்தது. இப்போது அதுவும் நலம். இடையில் நடந்ததைத் தெரிவிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தங்கள் கப்பலுக்குப் படமும் குரலும் வராது, எழுத்து மட்டும் வரும் என்கிறார்கள். எழுதுவதற்கு வீட்டில் நான் இருக்கிறேன். எம்.ஏ. தமிழுக்கு இதுதான் முதல் வேலை.

முதலில் வியாதியைச் சொல்கிறேன். வெள்ளைக் கார் ரிவர்ஸில் போட்டதும் பிடிப்பதில்லை. யோசிக்கிறது. நானும் அப்படித்தான், என்னை யாரும் பட்டறைக்கு அனுப்பியதில்லை. பிறகு ஒரு குலுக்கல், மெல்ல நகரும். போன வாரம் அதுவும் நின்றது. நம் முடுக்குச் சந்துக்குள் முன்னால் நுழைந்த வண்டி பின்னால்தான் வெளியே வரவேண்டும். எனவே கார் நங்கூரம் போட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெஃப்ரி வீட்டார் தங்கள் மகள் ஸ்டெபியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. தங்களுக்கு இது தரகர் கொண்டுவந்த சம்பந்தம். ஸ்டெபிதான் தரகரையே ஜெஃப்ரி வீட்டுக்கு அனுப்பினாள். இந்த வரியைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனின் அப்பா ஃபிராங்க்ளின், துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 'எஞ்சினப் பாத்தாச்சுன்னா வீட்டப் பாக்க வேண்டாம்' என்பது அவர் கொள்கை. முன்பு ஒரு பெண் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிய சத்தத்தைக் கேட்டே, காபி வருமுன் எழுந்து வந்துவிட்டாராம். அவரைத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் காரில் அழைத்துவரச் சொல்லித் தாங்கள் உத்தரவு போட்டிருந்தீர்கள்.

"அத்தான், காரு போச்சுன்னா என் கல்யாணமும் போச்சு. அந்தப் பொஸ்தகத்த மூடி வச்சிட்டு எந்திரிங்க" என்றாள் ஸ்டெபி.

முறைக்கு நான்தான் மாப்பிள்ளை. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும்தான். புத்தகத்தை மூடினேன்.

மெக்கானிக் மாரிச்செல்வத்தைக் கூட்டிவந்தேன். அவன் எஞ்சினை ஓடவிட்டபடியே கியர் ஆயில் பார்க்கும் குச்சியில் கை வைத்தான். மாமி குசினியிலிருந்து ஓடிவந்து தடுத்தார். ஷெட் சுவரில் தாங்கள் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும் இரண்டு விதிகளைக் காட்டினார். ஒன்று: 'எஞ்சினை நிறுத்து. பொறு. பிறகு குச்சியைப் பார். அதிகம் இருந்தால் எடு.' இரண்டு: 'ஒரு சொட்டு எண்ணெயும் வெளியே ஊற்றக் கூடாது.'

"எழுதுனவுக கப்பலுக்கே சீஃப் இஞ்சினியர்டே. ஒங் காருக்குத் தெரியாதாக்கும்? நிறுத்திட்டுப் பாரு."

நிறுத்திவிட்டுப் பார்த்தான். எண்ணெய் சரியாகக் குறியில் நின்றது. நல்ல சிவப்பு. கருகின வாடை இல்லை. "ஆயிலு கரெக்டா இருக்குண்ணே" என்றான். அந்த வழி அத்தோடு அடைபட்டது.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியில் ஒரு மறையாணியைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை முடுக்கினான். நான் மேலே உட்கார்ந்து அவன் சொன்ன கியரை எல்லாம் போட்டேன். முள் எதற்கும் பாதிகூட எழவில்லை. "ஒரு கியர்ல மட்டும் கம்மின்னா அந்தக் கியருக்குப் போற பாதையில எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். இங்கன எல்லாத்துலயும் கம்மி. ரிவர்ஸுக்குத்தான் கூட பிரஷர் வேணும், அதான் அது மொதல்ல நின்னுருக்கு. பம்ப் போயிருக்கும்" என்றவன், கீழிருந்தே உரக்கச் சொன்னான்: "பிரஷர் பத்தலண்ணே! பெட்டிய எறக்கிர வேண்டியதுதான்!"

குசினியில் இருந்த மாமிக்கு இந்தக் கடைசி வாக்கியங்கள் மட்டும் கேட்டிருக்கின்றன. எட்டிப் பார்த்தால் காருக்கு வெளியே இரண்டு கால்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றோடு வந்துவிட்டார். "பிரஷர் கொறஞ்சா ஒரு மடக்கு உப்புத்தண்ணி குடுக்கணும்லா! அதுக்குள்ள குழியில பெட்டிய எறக்குதேங்கான், பாவி!" மாரிச்செல்வம் எழுந்து உட்கார்ந்து அதைக் குடித்தான்.

பெட்டியை இறக்கினால் ஞாயிற்றுக்குள் ஏறாது. எனவே இறக்கவில்லை. ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்தவர்களைப் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டிய நான்கு பேர் முன்னால் நின்று தள்ள, காரைப் பின்னுக்கு உருட்டி, முடுக்குக்கு வெளியே கொண்டுவந்து, அங்கிருந்து முன் கியரில் பஸ் ஸ்டாண்ட் போய், ஃபிராங்க்ளினையும் ஜெஃப்ரியையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எஞ்சின் கத்துகிறது வண்டி போகமாட்டேன் என்கிறது, அடியில் இருந்து ஒரு முனகல், பின்னால் ஜெஃப்ரி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வருகிறான், முன்னால் அவன் அப்பா கண்ணை மூடி, காதை மட்டும் திறந்து வைத்திருக்கிறார், "என்னடே, ஒம் பம்ப் காத்தக் குடிக்கே" என்கிறார், கடல் காத்து மாமா என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

வந்து உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டு வழக்கப்படி மாமி போன கிறிஸ்மஸுக்குப் போட்ட ஒயினைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, முதலில் அவருக்குக் கொடுத்தார். ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒரு முறை மாற்றினார். ஸ்டெபி பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றாள். நின்றபடியே இருந்தாள். அவர் பையிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து, வாயில் இருந்ததை அதில் துப்பி, விரித்துப் பார்த்தார். சிவப்பு.

"ஏளா ஸ்டெபி, இது எந்த வண்டிக்கு?"

கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலு. டக்குல கொழாய வச்சி வாயால உறிஞ்சியே எத்தன பீப்பாய் எடுத்திருக்கேன். என் நாக்குக்குத் தெரியாதா? நல்ல ஆயிலு, கருகல. இது வண்டியில இல்லாம கிளாஸ்ல என்ன செய்யி?"

மாமி அழுதுகொண்டே சொன்னார். தாங்கள் கப்பல் ஏறியபின், விதிப்படி, எஞ்சினை நிறுத்தி, பொறுத்து, குச்சியைப் பார்த்திருக்கிறார். குறிக்கு மேலே இருந்திருக்கிறது. அதிகம் இருந்தால் எடு. சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்திருக்கிறார். வெளியே ஊற்றக் கூடாது. காலி ஒயின் பாட்டிலில் ஊற்றி, மூடி, குசினி அலமாரித் தட்டில் வைத்திருக்கிறார். இரண்டு விதிகளும் ஒழுங்காக நிறைவேறியிருக்கின்றன.

ஃபிராங்க்ளின் ஷெட்டுக்குப் போய்ச் சுவரை வாசித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கருத்து என்னுடையதல்ல. "சீஃப் எழுதுனது எஞ்சின் ஆயிலுக்கு. கியர் ஆயில சூடாக்கி, ஓடவிட்டுல்லா பாக்கணும். நிறுத்துனா உள்ள சுத்திக்கிட்டிருந்தது பூரா கீழ எறங்கிரும். குச்சி கூடக் காட்டும். பொய்க் கணக்கு. அத நம்பி எடுத்துட்டிய. பெறவு ஓடும்போது பம்புக்கு ஆயில் எட்டாது, காத்தத்தான் குடிக்கும். காத்துல எங்கன பிரஷர் ஏறும்? கொண்டாங்க அந்தப் பாட்டில."

மாமி ஓடிப்போய்க் கொண்டுவந்தார். எஞ்சின் ஓட ஓட ஃபிராங்க்ளினே புனல் வைத்து ஊற்றினார். குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தார். ரிவர்ஸ் போடச் சொன்னார். போட்டேன்.

பிடித்தது. யோசிக்கவே இல்லை.

கை துடைத்துக்கொண்டே மாமியிடம் சொன்னார்: "எடுத்தத எறியாம வச்சிருந்தியளே, அது போதும் சம்பந்தி."

சம்பந்தி. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்டதா என்று ஸ்டெபியைப் பார்த்தேன். தட்டு சாய்ந்து முறுக்கெல்லாம் தரையில் கிடந்தது. அவள் குனியவில்லை.

தங்கள் விதிக்குக் கீழே அவர் கரித்துண்டால் 'கியருக்கு இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அழிப்பதா, பெயிண்ட் அடித்து நிரந்தரமாக்குவதா என்பதைத் தாங்கள் தெரிவிக்க வேண்டும்.

பனிமய மாதா தங்கள் கப்பலைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும். சம்பந்தி தங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். மாமி, அம்மா, ஸ்டெபி எல்லோருடைய அன்பும் இதில் அடங்கும்.

பணிவுடன்,
ரெக்சன்

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகும் நேரத்தில் மாமி குசினியிலிருந்து கூப்பிட்டார். கல்யாணக் கேக்குக்குத் திராட்சையை ஒயினில் ஊறப் போட்டாராம். எண்ணெய் மிதக்கிறது. அலமாரித் தட்டில் இருந்தவை ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஞாயிறன்று பதற்றத்தில் எண்ணெய்க்குப் பதிலாக ஒயின் பாட்டிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். சம்பந்திக்கு வாயெல்லாம் எண்ணெய், மூக்குக்கும் வேறெதுவும் எட்டியிருக்காது. காரைத் தன் நாக்காலேயே குணப்படுத்தியதாக அவர் துறைமுகம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவருகிறார். மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். குச்சியை மோந்து பார்த்துவிட்டு, "பிரஷர் நல்லாத்தாண்ணே இருக்கு. கிறிஸ்மஸ் வாசன வருது. ரொம்ப நாளு தாங்காது" என்றான். சம்பந்தி காதுக்குப் போகக் கூடாது என்று ஸ்டெபி அவனிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணம் முடியட்டும் அத்தான். பெறவு நிம்மதியா பெட்டிய எறக்கிக்கிடலாம்."

மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.