இரு கொரியாவும் ஒரு கேபிளும்

கூட்டம் ஐந்து மணிக்கு. மதியத்திலேயே ரோலண்டின் கணினித் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

சிங்கப்பூர்த் தமிழர்கள் நடத்தும் இணைய அரங்கில் பேச முதன்முறையாக அவரை அழைத்திருந்தார்கள். மலேசியாவின் பொந்தியான் ஊர்க் காப்பிக்கடையில், எழுந்து போக வழியில்லாதவர்களிடம் மட்டுமே இதுவரை முழங்கியவருக்கு இது வாழ்நாள் வாய்ப்பு. தலைப்புகள் இரண்டு. பிரிந்த நாடுகள் மீண்டும் சேர வேண்டுமா? இணையத் திருட்டுக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம் வேண்டுமா? இரண்டிலும் ரோலண்ட் கரை கண்டவர். இரு கொரியாக்களைப் பற்றி வந்த ஆவணப்படங்களை ஒன்று விடாமல் பார்த்திருந்தார். எல்லாம் திருட்டுத் தளத்தில்தான். இணையத் திருட்டுச் சட்டம் பற்றிய படத்தையும் அங்கேதான் பார்த்தார்.

அவர் வீடே ஒரு கொரியாதான். அம்மாவின் நல்லடக்கத்தில் நன்றியுரை சொல்வது யார் என்று தம்பி ஆலனோடு சண்டை வந்தது. அதில் அம்மா விட்டுப்போன வீட்டின் நடுவே செங்கல் சுவர் எழும்பியது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கிறிஸ்துமஸ் கேக் மட்டும் மனைவிமார் தயவில் எல்லை தாண்டும். ரோலண்ட் அதைச் சாப்பிடுவார். யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார்.

வைஃபை பெட்டியைச் சோதிக்கப் போனவர், அலமாரியின் பின்னால் சுவரில் ஓர் ஓட்டையைக் கண்டார். அதன் வழியே ஆலன் பக்கத்துக்கு ஒரு கேபிள் போயிருந்தது.

"நம்ம லைன அவன் திருடுறான், வினிஃப்ரெட். அதான் இவ்வளவு ஸ்லோ."

மனைவி வினிஃப்ரெட் வாயைத் திறப்பதற்குள் குறடு கேபிளை வெட்டி வேலையை முடித்துவிட்டது.

இப்போது வட்டம்கூடச் சுற்றவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டார், பலனில்லை. மனைவியின் கொண்டையூசியை உருவி, பெட்டியின் பின்னால் இருந்த சின்னத் துளையில் குத்தினார். மிச்சமிருந்த விளக்குகளும் அணைந்தன. கைப்பேசியில் டேட்டா இருக்குமே என்று பார்த்தால், காலையில் பார்த்த வடகொரியப் படம் அதைத் தின்று தீர்த்திருந்தது.

"இப்பவாச்சும் சொல்ல விடுறீங்களா?" என்றாள் வினிஃப்ரெட். "அது இங்கேருந்து அங்க போற கேபிள் இல்ல. அங்கேருந்து இங்க வர்றது. போன வருஷம் கம்பெனிக்காரன்கிட்ட சட்டம் பேசி நம்ம லைன கட் பண்ண வச்சீங்களே, அது திரும்ப வரவே இல்ல. அன்னிக்கே நானும் ஆலன் பொண்டாட்டியும் ஓட்டை போட்டுட்டோம்."

ரோலண்ட் நாற்காலியில் சரிந்தார். இரு கொரியாக்களும் அவருக்குத் தெரியாமலே சேர்ந்திருந்தன. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் கூட்டம் தொடங்கும் நேரம். மானமா, மைக்கா? மைக் ஜெயித்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்து வாசலில் ஆலனின் மகள் சமந்தா கதவைத் திறந்தாள். ஆலன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனின் கணினியில் வைஃபை கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தான்.

ரோலண்ட் முழங்கினார். பிரிந்தவர்கள் சேர வேண்டும் என்றார். மூத்தவன்தான் முதலில் படி இறங்கி வர வேண்டும் என்று சொல்லும்போது குரல் நிஜமாகவே இறங்கியது. பின்னால் ஆலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்து திருட்டுக்கு வந்ததும் குரல் மறுபடி ஏறிக்கொண்டது. அடுத்தவன் உடைமையை ஓசியில் உறிஞ்சுகிறவன் எந்த நாட்டில் ஒளிந்தாலும் பிடித்துப் பிரம்படி கொடுக்க வேண்டும் என்றார். சொந்தத் தம்பியின் லைன் அந்தக் கணக்கில் வராது என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். திரை முழுக்கக் கைதட்டல் படங்கள் மிதந்தன.

முடிந்ததும் தம்பி பக்கம் திரும்பினார்.

"கேபிள வெட்டினது என் தப்புதான்பா."

"விடுண்ணே. நாளைக்கு வேற இழுத்துக்கலாம்," என்றான் ஆலன்.

இருவர் கண்களும் கலங்கின. அந்தச் சந்தோஷத்தில், தம்பி கேட்காத பகுதி ஏதாவது இருந்துவிடக் கூடாதே என்று ரோலண்ட் உரையை மறுபடி தொடங்கினார், இன்னும் சத்தமாக. இணையத் திருடன் பக்கத்து வீட்டிலேயே இருந்தாலும் விடக் கூடாது என்றார்.

சமந்தா ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க பெரியப்பா, பின்வீட்டு லிம் அங்கிளுக்குக் கேக்கப் போவுது. நாம எல்லாரும் அவரு வைஃபைலதான் ஓடுறோம்னு அவருக்கு இன்னும் தெரியாது."