வாரன்டிக்கு உட்பட்ட தெரு

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவைக் கேபிள் புதைப்பதற்காக முறைப்படி தோண்டினார்கள். கேபிள் உள்ளே போனது. தெரு திரும்பி வரவில்லை. ரோடு போடச் சொல்லி மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் பயந்த சுபாவம். ஸ்கூல் ஆட்டோவில் பிள்ளைகள் வெளியே தொங்குவதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். யு.கே.ஜி. படிக்கும் என் மகள் ஆஞ்சலாவைக் கண்ணெதிரே உட்காரவைத்துக் கூட்டிப்போக ஒரு சைக்கிள் வேண்டும். அவ்வளவுதான்.

ஏ.சி. போட்ட சைக்கிள் கடைக்குப் போனேன். டை கட்டிய சேல்ஸ்மேன் ராகேஷ் வரவேற்றார்.

“முன்னாடி குழந்தை சீட் வச்ச லேடீஸ் சைக்கிள் இருக்கா?”

“அதெல்லாம் இப்ப யாரு மேடம் ஓட்றாங்க? மலை சைக்கிள் பாருங்க. பதினெட்டு கியர்.”

“எங்க ஏரியாவுல மலை இல்லையே!”

“பெங்களூரே மலை மேலதான் மேடம் இருக்கு. சீட்டு நாங்க மாட்டித் தர்றோம். ஆனா வாரன்டி கரடுமுரடான இடத்துக்கு மட்டும்தான். தார் ரோட்ல இறக்கினா கேன்சல்.”

“எங்க தெருவுல தாரே இல்ல.”

நம்பாமல் நேரில் ஆய்வுக்கு வந்தார். எதிர்வீட்டுக் கோவிந்தப்பாவின் வாசல் குழியில் விழுந்து, எழுந்து, டையைத் துடைத்துக்கொண்டு, “உலகத் தரம் மேடம்!” என்று சான்றளித்தார்.

விஷயம் பரவியது. தெருவே மலை சைக்கிள் வாங்கியது. ரிட்டயரான கோவிந்தப்பா அரை டிராயரும் ஹெல்மெட்டுமாகப் பால் வாங்கப் போனார். ஹெல்மெட் இல்லாதவர்களோடு அவர் பேசுவதில்லை. நான் மட்டும் பயந்துகொண்டு ஆஞ்சலாவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த நேரம் பார்த்து மனு பலித்துவிட்டது. தார் லாரியோடு கார்ப்பரேஷன் இன்ஜினியர் வந்து இறங்கினார். நாங்கள் சைக்கிள்களைக் குறுக்கே நிறுத்தினோம்.

“நீங்கதானே ரோடு கேட்டீங்க?”

“அது சைக்கிள் வாங்கறதுக்கு முன்னாடி சார்,” என்றார் கோவிந்தப்பா.

ரோடு வேண்டாம் என்ற மனுவை என்னையே எழுதச் சொன்னார்கள். கான்வென்ட் கையெழுத்தாம். இன்ஜினியர் கண்கலங்கி, ‘பொதுமக்களின் பேராதரவோடு பணி கைவிடப்படுகிறது’ என்று அதன் மேலேயே எழுதிக்கொண்டார்.

இப்போது மழைக்காலம். எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. சைக்கிள் வீட்டுக்குள் பத்திரமாக நிற்கிறது. ஆஞ்சலா ஸ்கூல் ஆட்டோவில் போகிறாள், டிரைவர் சீட்டின் ஓரத்தில், ஒரு கால் வெளியே.

“இந்தக் குழியில வண்டி என்னிக்காவது கவுந்துடும்மா,” என்றார் ஆட்டோக்காரர் நேற்று. “ரோடு போடச் சொல்லி ஒரு மனு எழுதுங்களேன்.”

நான் ஆஞ்சலாவின் காலை உள்ளே இழுத்துவிட்டேன்.

“எழுதறேன்பா,” என்றேன். “வாரன்டி மட்டும் முடியட்டும்.”