திங்கட்கிழமை பார்த்த திருவனந்தபுரம்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, என் மனைவிக்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றிக் காட்டுவது என்று வீரமாக முடிவெடுத்தேன். அதே மூச்சில், அதைத் திங்கட்கிழமை காட்டுவது என்றும் முடிவெடுத்தேன். முதல் முடிவு வடிவுக்காக. இரண்டாவது என் முழங்காலுக்காக.

வடிவாம்பாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்கு வாழ வந்தவள். கோயில் தெரியும், சாலைக் கடைத்தெரு தெரியும். அதோடு சரி. எங்கள் பெண் சுப்ரியாவின் பிரசவத்துக்காக அடுத்த வாரம் பூனா போகிறாள். திரும்ப ஆறு மாசமாகும்.

"ஏன்னா, அங்கே யாராவது உங்க ஊர்ல என்ன விசேஷம்னு கேட்டா, சேனைக்கிழங்கு நன்னா இருக்கும்னு சொல்லவா?"

மடக்கிவிட்டாள். பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் போட்டேன். அவற்றைப் பார்க்க முடியாத நாளையும் பார்த்து வைத்தேன். குதிரமாளிகை அரண்மனை, மியூசியம், மிருகக்காட்சிசாலை மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. பூட்டைக் காட்டி, 'அடடா' சொல்லி, பதினொரு மணிக்குள் வீடு. சாப்பாடு. தூக்கம். கழக்கூட்டம் ஆபீஸில் மேலதிகாரி ஸ்ரீஜித்திடம் ஒரு நாள் லீவும் வாங்கியாயிற்று.

முதலில் குதிரமாளிகை. பூட்டு.

"அடடா! இன்னிக்குத் திங்களா? மறந்தே போச்சே!" நெற்றியில் பலமாகவே அடித்துக்கொண்டேன்.

"போறது விடுங்கோ. மணி பத்தாகப் போறது, மேத்தன் மணியைப் பார்க்கலாம்."

வெளியிலிருந்தே தெரியும் பழைய கடிகாரம் அது. பத்தடித்ததும் மேலேயிருந்த பொம்மைத் தாடிக்காரர் வாயைப் பிளந்தார். இரண்டு ஆட்டுக்கடாக்கள் இரண்டு கன்னத்திலும் முட்டின.

"பாவம்," என்றேன்.

"என்ன பொய் சொன்னாரோ," என்றாள் வடிவு.

எனக்கு லேசாக வியர்த்தது. ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் திரும்பி, "மியூசியமா? சாரே, இன்னு திங்கள்..." என்று ஆரம்பித்தார். கண்ணாடியில் கண்ணடித்தேன். அவர் பயந்துபோய் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மியூசியம் கதவிலும் பூட்டு. மறுபடி அடடா, மறுபடி நெற்றி.

"வீட்டுக்குப் போயிடலாமா வடிவு?"

"எதுக்கு? தோட்டம் திறந்துதானே இருக்கு."

மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தாள். பையிலிருந்து புளியோதரை வந்தது. தயிர்சாதம் வந்தது. வடாம் வந்தது. ஃபிளாஸ்கில் காபி வந்தது. பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறவள் கட்டுகிற மூட்டை இல்லை அது.

பக்கத்து மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் ஒரு குரல் கொடுத்தது.

"சிங்கத்துக்குக்கூட வாரம் ஒருநாள் லீவு விடறா," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

பிறகு பேசினாள். சுப்ரியாவை நினைத்தால் பயமாக இருக்கிறதென்றாள். நான் மாத்திரையை மறப்பேன், காஸை மூட மறப்பேன் என்றாள். எதிரே கோடுபோட்ட சுவரும் கூம்புக் கூரையுமாக நின்ற மியூசியக் கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! அவள் கையால் தயிர்சாதம் உண்டவன் அங்கேயே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். தாங்கவில்லை. உண்மையைக் கேட்டுவிட்டேன்.

"வடிவு, திங்கக்கிழமை எல்லாம் பூட்டியிருக்கும்னு நோக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"பின்னே ஏன் வந்தே?"

"திறந்திருந்தா நீங்க சிங்கத்தைப் பார்ப்பேள், சிலையைப் பார்ப்பேள். பூட்டியிருந்தாத்தானே என்னைப் பார்ப்பேள்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அக்ரஹாரத்துக்காரர்கள் யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று. "இன்னொரு நாள் லீவு கிடைச்சா உள்ளேயும் அழைச்சுண்டு போறேன் வடிவு," என்றேன், கிடைக்காது என்ற தைரியத்தில்.

"கிடைச்சாச்சு. நீங்க தூங்கறச்சே உங்க போன்லேர்ந்து ஸ்ரீஜித் சார்கிட்டே பேசினேன். நாளைலேர்ந்து சனிக்கிழமை வரைக்கும் லீவு."

"ஒரு வாரமா! என்ன சொல்லிக் கேட்டே?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஆத்துக்காரருக்கு இப்போல்லாம் என்ன கிழமைங்கறதே மறந்துபோறதுன்னு."